கேரிலேர்ந்து கிரவுன்ஸ்வில்: அம்மாவையும் கூட்டிட்டு 300 மைல் போய் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல் பாக்கலாமா?

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா ரூட் பத்தின கேள்வி. நார்த் கரோலினா கேரிலேர்ந்து, மேரிலாண்ட் கிரவுன்ஸ்வில்ல நடக்கற ரெனசான்ஸ் ஃபெஸ்டிவலுக்கு (எட்டாம் ஹென்றி ராஜா காலத்து இங்கிலாந்து கிராமம் மாதிரி வேஷம் போட்டு நடத்தற திருவிழா) எந்த வழி, ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா, எந்த மாசம் நல்லது, 7 வயசு பையனுக்கு புடிக்குமா, ஊர்லேர்ந்து வந்திருக்கற அம்மாவுக்கு 66 வயசு, சைவம், சேலைதான் கட்டுவாங்க, அப்படியே வரலாமா. ஆனா நடுவுல ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, "இவ்ளோ தூரம் இழுத்துட்டு போய் அம்மா ஒரு மூலையில உக்காந்துட்டா என்ன பண்றது"ன்னு, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா படுது. மத்ததுக்கெல்லாம் மேப் பதில் சொல்லிடும். அதனால ரூட்டை கொஞ்சம் அப்பறம் வெச்சுக்கறேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்ளோ நம்பணும்னு உங்களுக்கு தெரியும். நான் நாடகக்காரனும் இல்ல, சரித்திர வாத்தியாரும் இல்ல. 2014 வரைக்கும் உங்க கேரிக்கு பக்கத்துல ராலேல இருந்தேன், இப்ப மேரிலாண்ட் கொலம்பியா. 2011ல முதல் தடவை போனேன், அப்பறம் கொரோனாவால நடக்காத 2020 வருஷத்தை விட்டா எல்லா வருஷமும் போயிருக்கேன், சில வருஷம் மூணு தடவை கூட. வீட்டுக்கு யார் வந்தாலும் கூட்டிட்டு போற இடமா ஆயிடுச்சு, அதுல எங்க அம்மா, மாமியார், நண்பர்களோட அப்பா அம்மான்னு வயசானவங்களே ஏழெட்டு பேர் இருப்பாங்க. அதனால பெரியவங்களை கூட்டிட்டு போறது பத்தி தைரியமா பேசுவேன். வீல்சேர் தள்ளிட்டு போன அனுபவம் மட்டும் இல்ல, அம்மாவுக்கு அது தேவைப்படும்னா என் பேச்சை அந்த இடத்துல நம்பாதீங்க, ஃபெஸ்டிவல்காரங்களுக்கே போன் பண்ணி கேளுங்க.

அந்த 2011 கதையை சொன்னாத்தான் மத்தது புரியும். நீங்க யோசிக்கற அதே மாதிரி நானும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு விடியக்காலை 4 மணிக்கு ராலேலேர்ந்து கிளம்பினேன், அஞ்சு மணி நேரம் தானே, 9க்கு போய்டலாம்னு கணக்கு. காபிக்கு ஒரு தடவை, பொண்ணுக்கு பாத்ரூம் ரெண்டு தடவை, ஃப்ரெடெரிக்ஸ்பர்க் பக்கத்துல ஒரு ஆக்சிடென்ட், வாஷிங்டனை சுத்தற பெல்ட்வேல ஒரு தப்பு எக்ஸிட், கடைசில கிரவுன்ஸ்வில் ரோட்டுல திரும்பறதுக்கே ஒரு மணி நேரம் வரிசைல ஊர்ந்து, உள்ள கால் வெக்கறப்ப மணி பன்னெண்டே முக்கால். பொண்ணு தூங்கிட்டா, மனைவி பேசறதை நிறுத்திட்டாங்க, முதல் ஜவுஸ்ட், அதாவது குதிரைல ஈட்டிச் சண்டை, முடிஞ்சு போச்சு. ராத்திரி திரும்பி வர்றப்ப கண்ணு சொக்கி வர்ஜீனியா சவுத் ஹில்ல வண்டியை நிறுத்தி ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுதான் வந்தேன். யார் மேலயும் தப்பு இல்ல, என் கணக்கு தப்பு. நான் வீட்டு வாசல்லேர்ந்து கணக்கு போட்டேன், போட வேண்டியது காலைல 10 மணிக்கு திறக்கற கேட்லேர்ந்து பின்னாடி. ஒன்பதே காலுக்கு பார்க்கிங் புல்வெளில வண்டி நிக்கணும், அதுக்கு எட்டரைக்குள்ள ஹோட்டலை விடணும், அதுக்கு முந்தின நாள் ராத்திரி அங்க எங்கயாவது அரை மணி தூரத்துல தூங்கியிருக்கணும். உங்க ட்ரிப்பு முழுக்க இதை வெச்சுதான் நிக்குது. ஒரே நாள்ங்கறதை மறந்துடுங்க, 66 வயசு முட்டியோட பத்து மணி நேரம் கார், நடுவுல ஆறு மணி நேரம் மேடு பள்ளம், வேணவே வேணாம்.

சரி, அது என்ன இடம்? அம்மாவுக்கு விளக்கணும்ல. இந்த ரெனசான்ஸ் ஃபேர்ங்கறது இங்கிலாந்துலேர்ந்து வந்த பழக்கம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இல்ல, இது முழுக்க அமெரிக்க சரக்கு. 1963 மே மாசம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஃபிலிஸ் பேட்டர்சன்னு ஒரு டீச்சரும் அவங்க கணவர் ரான் பேட்டர்சனும் கேபிஎஃப்கேங்கற ரேடியோ ஸ்டேஷனுக்கு பணம் திரட்டறதுக்காக ஒரு வார கடைசில போட்ட சந்தை தான் முதல்ல. அதை பாத்து ஊர் ஊரா வந்துடுச்சு, மினசோட்டால 1971, டெக்சஸ்ல 1974, மேரிலாண்ட்ல 1977. மேரிலாண்ட் ஃபெஸ்டிவல் முதல்ல எங்க ஊர் கொலம்பியால தான் நடந்தது, 1985ல கிரவுன்ஸ்வில்லுக்கு போயிடுச்சு. அங்க மரத்துக்கு நடுவுல சுமார் 25 ஏக்கர்ல ஒரு இங்கிலீஷ் கிராமம் மாதிரியே நிரந்தரமா கட்டி வெச்சிருக்காங்க, பேரு ரெவல் குரோவ். பத்து மேடை, நூத்துக்கு மேல கைவினைக் கடை. கதை என்னன்னா எட்டாம் ஹென்றி ராஜா பரிவாரத்தோட அந்த கிராமத்துக்கு வந்திருக்கார், அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு வருஷமும் அவர் ஆட்சில ஒரு வருஷம்னு கதை நகரும், அதனால எந்த ராணி பக்கத்துல நிக்கறாங்கங்கறது வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆறு கல்யாணம் பண்ண ஆள் இல்லையா.

எங்க அம்மாகிட்ட நான் சொன்ன விளக்கம் ஒண்ணு இருக்கு, நல்லா வேலை செஞ்சது, நீங்களும் சொல்லிப் பாருங்க. எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தது 1509. கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்ததும் அதே 1509. திருவண்ணாமலை ராஜகோபுரத்தை கட்ட ஆரம்பிச்சாரே அவர்தான். ரெண்டு பேரும் ஒரே காலம். இதை சொன்னதும் எங்க அம்மா "அப்ப தெனாலிராமன் காலத்து வெள்ளைக்காரன்னு சொல்லு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அதுக்கப்பறம் அவங்களுக்கு அந்த இடம் அந்நியமா இல்ல.

இன்னொண்ணு, இதை தீம் பார்க் மாதிரி நினைச்சு போனா பெரியவங்களுக்கு போர் அடிக்கும், ஊர் திருவிழா மாதிரி நினைச்சு போனா அடிக்காது. தீம் பார்க்ல ஓடணும், இங்க உக்காரணும். மேடைல நடக்கறது கூத்து மாதிரி, கோமாளி கூட்டத்துல ஒருத்தரை இழுத்து வெச்சு கலாய்ப்பான், கூட்டம் திருப்பி கத்தும், முடிஞ்சதும் தொப்பியை நீட்டுவாங்க, நம்ம ஊர்ல தட்டு வராதா அதே தான். ஜானி ஃபாக்ஸ்னு வாள் விழுங்கறவர் ஒருத்தர் அங்க முப்பது வருஷத்துக்கு மேல ஆடினார், 2017ல இறந்துட்டார். எங்க மாமியாருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, அவர் ஷோ முடியற வரைக்கும் முன் வரிசைலேர்ந்து நகரவே இல்ல. அதனால அம்மா ஒரு மூலையில உக்காந்துடுவாங்களான்னு கேட்டீங்களே, உக்காருவாங்க, உக்காரட்டும், அந்த மூலை ஒரு மேடைக்கு முன்னாடி இருக்கணும், அதான் உங்க வேலை. ஜக்ளிங், வாள், கயிறு, குதிரை, பாட்டு, இதுக்கு பாஷை வேணாம். ராஜா சபை வசனம், ஷேக்ஸ்பியர் பாணி நாடகம், இதெல்லாம் அவங்களுக்கு ஒத்து வராது, எனக்கே பாதி தான் புரியும். ஒரு எச்சரிக்கை, சில ஷோ ரெட்டை அர்த்த ஜோக்கா போகும், அட்டவணைல வயசு வந்தவங்களுக்கு மட்டும்னு குறிச்சிருப்பாங்க. அம்மாவுக்கு புரியாது, பிரச்சனை இல்ல, பையன் தான் "இதுக்கு ஏம்பா எல்லாரும் சிரிக்கறாங்க"ன்னு கேப்பான்.

இப்ப தேதி. ஆகஸ்ட் கடைசிலேர்ந்து அக்டோபர் கடைசி வரைக்கும் சனி ஞாயிறு, கூட செப்டம்பர் முதல் திங்கள் வர்ற லேபர் டே லீவு. ஆகஸ்ட் கடைசி வேணாம், இங்க அப்ப வேர்த்து ஊத்தும், மெட்ராஸ்காரங்களுக்கே கஷ்டம், இரும்பு கவசம் போட்டுட்டு நிக்கறவனை பாத்தா நமக்கே பாவமா இருக்கும். லேபர் டே வாரமும் வேணாம், யூஎஸ் 50 ரோட்டுல பே பிரிட்ஜ் தாண்டி கடற்கரைக்கு போற கூட்டம் மொத்தமா வந்து நிக்கும், நீங்க போற ரோடும் அதுதான். அக்டோபர் அழகு, இலை நிறம் மாறும், குளிர் காத்து, ஆனா ஊர் உலகமே அப்பதான் வரும். என் ஓட்டு செப்டம்பர் ரெண்டாம் பாதிக்கு. அதுல ஒரே ஒரு ஆபத்து, புயலோட மிச்சம் அந்த மாசத்துல தான் மேல வரும், மழை பெய்ஞ்சாலும் ஃபெஸ்டிவல் நடக்கும், பார்க்கிங் புல்வெளி சேறாகி வண்டி மாட்டும். சனிக்கிழமையை விட ஞாயித்துக்கிழமை கூட்டம் கம்மின்னு நான் பாத்த வரைக்கும் சொல்வேன், திங்கள் லீவு போட முடிஞ்சா ஞாயிறு ஃபேருக்கு போங்க, முடியாதுன்னா சனிக்கிழமை.

டிக்கெட்ல ஒரு விஷயம் உறுதி. முன்ன மாதிரி கேட்ல போய் வாங்க முடியாது, தேதி போட்டு ஆன்லைன்ல முன்கூட்டியே வாங்கணும், வாங்கினா பணம் திரும்ப வராது. இது தெரியாம 300 மைல் வந்து கேட்ல நிக்கறவங்க இப்பவும் இருக்காங்க. எப்ப வாங்கறதுங்கறதுல தான் கருத்து வேறுபாடு. அக்டோபர்னா சீசன் ஆரம்பிக்கறப்பவே வாங்கிடுங்க, தீந்து போகும். செப்டம்பர்னா நான் பத்து நாள் முன்னாடி வரைக்கும் வானிலை பாத்துட்டு வாங்குவேன், இது வரைக்கும் கிடைக்காம போனதில்ல, ஆனா நான் பக்கத்து ஊர்க்காரன், கிடைக்கலன்னா அடுத்த வாரம் போய்க்குவேன். நீங்க லீவு போட்டு ஹோட்டல் எடுத்து வர்றவங்க, அதனால ஹோட்டலை கேன்சல் பண்ற மாதிரி முதல்ல எடுத்துட்டு டிக்கெட்டையும் அதிகம் தள்ளிப் போடாம வாங்கிடறது நல்லது.

ஹோட்டல்னதும் எல்லாரும் அன்னாபொலிஸ் தேடுவாங்க, கிட்டதான், அழகான ஊர்தான். ஆனா செப்டம்பர் அக்டோபர்ல அங்க ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, கடற்படை அகாடமி ஃபுட்பால் டீம் சொந்த ஊர்ல ஆடற சனிக்கிழமைங்க. இன்னொண்ணு, அக்டோபர்ல வர்ற போட் ஷோ. இந்த ரெண்டுல எது வந்தாலும் ரூம் வாடகை எங்கயோ போயிடும், ரோடும் அடைக்கும். அதனால தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி நேவி ஆட்ட அட்டவணையை ஒரு தடவை பாத்துடுங்க, உள்ளூர்க்காரங்க நாங்களே அதை பாத்துதான் போவோம். இல்லன்னா பால்டிமோர் ஏர்போர்ட் சுத்தி இருக்கற ஹோட்டலுங்கள எடுங்க, அது வேலை விஷயமா வர்றவங்களுக்கான ஹோட்டல்ங்கறதால வார கடைசில விலை படிஞ்சு வரும், ஐ 97 ஹைவேல இறங்கினா அரை மணி தான். போவின்னு எழுதி பூயின்னு சொல்வாங்களே அந்த ஊரும் சரிதான், உங்க ரூட்லயே வருது.

ரூட்டுக்கு வரேன், இதுல தான் உங்களுக்கு நான் உருப்படியா ஏதாவது குடுக்க முடியும்னு நினைக்கறேன். மேப் உங்களை ஐ 85 புடிச்சு பீட்டர்ஸ்பர்க், அங்கேர்ந்து ஐ 95 நேரா மேல ஃப்ரெடெரிக்ஸ்பர்க், வாஷிங்டன் பெல்ட்வே, யூஎஸ் 50னு கூட்டிட்டு போகும். ஃப்ரெடெரிக்ஸ்பர்க்லேர்ந்து வாஷிங்டன் வரைக்கும் இருக்கற அந்த அம்பது மைல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்கு தெரியும். எக்ஸ்பிரஸ் லேன் இருக்கே காசு குடுத்து போய்டலாம்னு நினைக்காதீங்க, அந்த லேன் திசை மாத்தற லேன், வார நாள்ல காலைல வடக்க போகும், சாயங்காலம் தெற்க வரும், நீங்க போறப்ப அது உங்களுக்கு எதிரா திரும்பியிருக்கும். அதனால நான் ராலேல இருந்த காலத்துல கடைசியா கத்துக்கிட்ட வழி இது: ரிச்மண்டை ஐ 295 வழியா சுத்திட்டு ஐ 95ல மறுபடி ஏறி, ஃப்ரெடெரிக்ஸ்பர்க்குக்கு ரொம்ப முன்னாடியே கார்மல் சர்ச்ல, அதாவது எக்ஸிட் 104ல, இறங்கிடுங்க. வர்ஜீனியா 207 புடிச்சு பௌலிங் கிரீன், அங்க யூஎஸ் 301. அந்த ரோடு போர்ட் ராயல் தாண்டி பொட்டாமக் ஆத்துப் பாலத்துல ஏறி மேரிலாண்ட்ல இறங்கி, லா பிளாட்டா, வால்டார்ஃப், பூயின்னு போய் யூஎஸ் 50ஐ தொடும். வாஷிங்டன் பக்கமே போக வேணாம்.

முன்ன அந்த ஆத்துப் பாலம் 1940ல கட்டின ரெண்டே லேன் பாலம், நடுவுல தடுப்பு கூட கிடையாது, லாரி எதிர்ல வந்தா உயிர் போய் வரும். 2022 அக்டோபர்ல பக்கத்துலயே நாலு லேன் புதுப் பாலம் திறந்துட்டாங்க, இப்ப பயமில்ல. டோல் கேமராலயே எடுத்துக்கும், காசு வாங்க ஆள் கிடையாது. உங்க வண்டில டோல் கட்டற நார்த் கரோலினா க்விக் பாஸ் இருந்தா எந்த வகைன்னு பாருங்க, கண்ணாடில ஒட்டற ஸ்டிக்கர் வகை மேரிலாண்ட்ல வேலை செய்யாது, டப்பா மாதிரி இருக்கற ஈஸிபாஸ் வகை தான் செய்யும். இல்லன்னா வீட்டுக்கு பில் வரும், கொஞ்சம் கூட வரும், அவ்ளோதான். வால்டார்ஃப்ல சிக்னல் மேல சிக்னலா வரும், அங்க பொறுமை வேணும். ஆனா சாயங்காலம் வாஷிங்டன்லேர்ந்து வீட்டுக்கு வர்ற கூட்டம் தெற்க போகும், நீங்க வடக்க போவீங்க, அது ஒரு ஆறுதல். மேப் இந்த வழியை சில சமயம் இருபது நிமிஷம் கூடுதலா காட்டும். அந்த இருபது நிமிஷத்தை நான் மனசார குடுப்பேன், சும்மா கிடக்கற ராத்திரில மட்டும் ஐ 95 தான் வேகம்.

போற வழில ஒரு ஓரம், ஆபிரகாம் லிங்கனை சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் தப்பிச்சு ஓடி மாட்டிக்கிட்டு 1865 ஏப்ரல்ல செத்தது போர்ட் ராயல் பக்கத்துல இந்த 301 ஓரத்துல இருந்த ஒரு பண்ணைல தான். ரோட்டோரம் ஒரு பலகை இருக்கும். பையனுக்கு சொல்லலாம், நிறுத்தி பாக்க வேற ஒண்ணும் இல்ல.

மொத்தம் சுமார் 300 மைல், போக வர 600, கேலனுக்கு 30 மைல் குடுக்கற வண்டின்னா 20 கேலன். சனிக்கிழமை ஃபேர்னு வெச்சுக்கிட்டா, வெள்ளிக்கிழமை காலைல பத்துக்குள்ள கிளம்பினீங்கன்னா அம்மாவுக்காக ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினாலும் சாயங்காலம் நாலரை அஞ்சுக்கு ஹோட்டல். அந்த ராத்திரி வேற எதுவும் வெச்சுக்காதீங்க.

ஃபேர் நாள். ஒன்பதே காலுக்கு போய்ட்டா பார்க்கிங்ல முன் வரிசை கிடைக்கும், பதினொண்ணுக்கு போனா அந்த புல்வெளி கடைசிலேர்ந்து நடக்கறதுக்குள்ளயே அம்மா பாதி களைச்சுடுவாங்க. உள்ள ரோடு சமதளமா இருக்காது, மரத்து வேர், சரளை, ஏத்தம் இறக்கம். பெஞ்செல்லாம் மரப்பலகை, முதுகு சாய முடியாது. மடிக்கிற குஷன் ஒண்ணு எடுத்துக்குங்க, இதை நான் எல்லாருக்கும் சொல்வேன், யாரும் கேக்க மாட்டாங்க, அப்பறம் மதியம் வந்து சொல்வாங்க. பாத்ரூம் வரிசை பகல்ல நீளும், அங்க அதுக்கு ப்ரிவின்னு பழங்கால பேர் போட்டிருப்பாங்க, பேரை தெரிஞ்சு வெச்சுக்கங்க, எங்க நண்பர் ஒருத்தர் அதை ஏதோ விஐபி இடம்னு நினைச்சு தாண்டி தாண்டி போனார். கூட்டத்துல போன் சிக்னல் விழும், அதனால உள்ள போனதும் பிரிஞ்சா எங்க சந்திக்கறதுன்னு ஒரு இடம் பேசிக்குங்க, வண்டி நிக்கற இடத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. சில்லறை முக்கியம், ஒத்தை டாலரும் அஞ்சு டாலருமா ஒரு நாப்பது அம்பது டாலர் கைல வெச்சுக்கங்க, தொப்பில விழற காசு தான் அந்த கலைஞர்கள்ல பல பேருக்கு பெரிய வருமானம். வருஷம் பூரா ட்ரெய்லர்ல ஒரு ஃபேர்லேர்ந்து இன்னொரு ஃபேருக்கு போய்ட்டே இருக்கறவங்க, ரென்னின்னு சொல்வாங்க, குளிர்காலத்துல அரிசோனா, வசந்தத்துல டெக்சஸ், இப்படி சுத்தும் அவங்க பொழப்பு.

ஜவுஸ்ட் தவறவே கூடாது. கவசம் போட்ட ரெண்டு பேர் குதிரைல எதிரெதிரா ஓடி வந்து ஈட்டியால மோதறது. மேரிலாண்டுக்கு ஜவுஸ்டிங் தான் அதிகாரப்பூர்வ மாநில விளையாட்டு, 1962லேர்ந்து. ஆனா அந்தப் பேர்ல இந்த மாநிலத்துல வழக்கமா ஆடறது குதிரைல ஓடிட்டே தொங்கற வளையத்தை ஈட்டி முனைல கோக்கற விளையாட்டு, ஃபேர்ல நடக்கறது மோதல், நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறாங்க. யார் ஜெயிக்கறாங்கங்கறது கதைப்படி நடக்கும்னாலும் அடி நிஜம், குதிரை நிஜம், ஈட்டி உடையற சத்தம் நெஞ்சுல கேக்கும். நிஜ எட்டாம் ஹென்றியே 1536ல இப்படி ஒரு போட்டில குதிரையோட விழுந்து பெரிய காயம் பட்டவர், பிரான்ஸ் ராஜா ரெண்டாம் ஹென்றி 1559ல ஈட்டி சிராய் கண்ணு வழியா ஏறி செத்தே போனார். பையனுக்கு இந்த கதையை முன்னாடியே சொல்லிட்டா அவன் கண்ணை எடுக்க மாட்டான். நாளோட முதல் ஜவுஸ்டுக்கு போங்க, அரை மணி முன்னாடி, நிழல் விழற பக்கமா பாத்து அம்மாவை உக்கார வெச்சுடுங்க.

சாப்பாடு. உள்ள எல்லாரும் கைல வான்கோழி காலை புடிச்சு கடிச்சுட்டு போவாங்க, அம்மா முகம் சுளிப்பாங்க, தயார் பண்ணி வைங்க. சைவத்துக்கு சோளம், பிரெட், சீஸ் போட்ட மக்ரோனி, இனிப்பு வகை இந்த மாதிரி கிடைக்கும், பட்டினி இல்ல, ஆனா அம்மா வயிறு நிறைஞ்சதுன்னு சொல்ல மாட்டாங்க. பொரிச்சது எதை வாங்கினாலும் எந்த எண்ணெய்ல போடறீங்கன்னு கேளுங்க, உருளைக்கிழங்கும் கோழியும் ஒரே எண்ணெய்ல நீந்தற கடை நிறைய. வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போக விட மாட்டாங்க. நாங்க பண்றது, காலைல நல்லா இட்லி சாப்பிட்டுட்டு, வண்டில ஐஸ் பெட்டில தயிர் சாதமும் ஊறுகாயும் வெச்சுட்டு, மதியம் கேட்ல கைல முத்திரை வாங்கிட்டு வெளில வந்து வண்டில சாப்பிட்டுட்டு திரும்ப உள்ள போறது. அன்னிக்கு திரும்ப உள்ள விடுவாங்களான்னு கிளம்பறதுக்கு முன்னாடி கேட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வெளில வாங்க. மீட்னு ஒரு தேன் ஒயின் விப்பாங்க, நல்லா இருக்கும், வண்டி ஓட்டறவருக்கு அது கிடையாது. வான்கோழி, சோளம், உருளை, எல்லாமே அமெரிக்க கண்டத்துலேர்ந்து வந்தது, ஹென்றி காலத்து இங்கிலீஷ் கிராமத்தான் இதுல பாதியை கண்ணால பாத்திருக்க மாட்டான். ஆனா மிளகாயும் அங்கேர்ந்து போர்த்துகீசியன் கொண்டு வந்தது தானே, கிருஷ்ணதேவராயர் ரசத்துலயும் மிளகு மட்டும் தான் இருந்திருக்கும், அதனால அவங்களை நான் ரொம்ப குத்தம் சொல்றதில்ல.

பையனை பத்தி எனக்கு கவலையே இல்ல, 7 வயசு இதுக்குன்னே செஞ்ச வயசு. ஒரு மரக் கத்தி கேப்பான், வாங்கிக் குடுத்துடுங்க, காலைல வேணாம், கிளம்பறப்ப, இல்லன்னா நாள் பூரா முன்னாடி போறவங்க முட்டில தட்டிட்டே வருவான். நிஜ கத்தி வாங்கற ஆசை உங்களுக்கு வந்தா உள்ள உறையோட கட்டிதான் வெச்சிருக்கணும், வெளில வந்ததும் டிக்கில போட்டுடுங்க, மூணு மாநிலம் தாண்டணும். தோல் பூட்ஸ் கடைக்குள்ள சும்மா பாக்கறேன்னு போகாதீங்க, அளவெடுத்து செய்யறது, பல நூறு டாலர், எங்க வீட்ல அதுல ஒரு சண்டை இன்னும் தீரல.

ஞாயித்துக்கிழமை காலைல நேரா ஊருக்கு வண்டியை திருப்பாதீங்க. யூஎஸ் 50ல மேற்க ஒரு இருபது மைல் போனா லேன்ஹம், அங்க சிவா விஷ்ணு கோயில் இருக்கு, கொஞ்ச தூரத்துல முருகன் கோயிலும் இருக்கு. அம்மாவுக்கு இந்த ட்ரிப்ல எது ரொம்ப புடிச்சதுன்னு அப்பறம் கேட்டா அவங்க இதைத்தான் சொல்வாங்க, உங்க மனசு கஷ்டப்பட வேணாம். தரிசனம் முடிச்சு சாப்பிட்டுட்டு பன்னெண்டுக்குள்ள கிளம்பி பூயிக்கு வந்து மறுபடி 301 புடிச்சா ராத்திரி சாப்பாட்டுக்கு கேரி. ரெண்டு மணிக்கு மேல கிளம்பினா ஞாயித்துக்கிழமை கூட்டம் எல்லா ரோட்லயும் இருக்கும்.

உங்க பக்கத்துல ஹன்டர்ஸ்வில்ல கரோலினா ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல் இருக்கே, அக்டோபர் நவம்பர்ல, ரெண்டரை மணி நேரத்துல போய்டலாமேன்னு சிலர் கீழ எழுதுவாங்க. தப்பில்ல. அம்மாவால அஞ்சு மணி நேரம் கார்ல உக்கார முடியாதுன்னா யோசிக்கவே வேணாம், அதுக்கே போங்க. நான் ரெண்டும் பாத்திருக்கேன், மேரிலாண்ட்ல மர நிழலும் அந்த கதையும் எனக்கு கூடுதலா புடிக்கும், அது ருசி விஷயம்.

கடைசியா சேலை. தாராளமா வரலாம். அங்க பாதி பேர் வேஷம் போட்டுதான் வருவாங்க, கார்ப்னு சொல்வாங்க அந்த உடைய, ராணி இருப்பாங்க, கடல் கொள்ளைக்காரன் இருப்பான், முதுகுல றெக்கை கட்டின தேவதை இருப்பாங்க, சரித்திரம் சரியா இருக்கான்னு யாரும் பாக்கறதில்ல. எங்க அம்மா அரக்கு கலர் காஞ்சிபுரத்துல வந்தப்ப ராஜா பரிவாரத்துல ஒருத்தர் நின்னு, தொப்பியை கழட்டி, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு "மை லேடி"ன்னு வணக்கம் சொன்னார், அம்மாவும் அசராம கை கூப்பி "நல்லா இருப்பா"ன்னாங்க. ஆனா பட்டு வேணாம், புழுதி, பருத்திச் சேலை போதும், கரை மண்ல படாம ஒரு விரல்கடை தூக்கி கட்டச் சொல்லுங்க, கால்ல செருப்பு வேணாம், பழைய ஷூவா பாத்து போட்டு விடுங்க.